பட்டவர் துணை

சாம்பியன் ரீப்ஸ் மண்ணில் பிறந்தவர்களுக்கு ஒன்று சொல்லாமலே தெரியும். சுரங்கத்துள் முதன்முறையாக இறங்குகிறவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அன்று. அவனுக்கு முன்னே இறங்கி, இருளுக்கும் வெப்பத்துக்கும் பழகி, உயிரோடு மேலே வந்த இன்னொரு தொழிலாளியே அவனுக்கு ஆசான். பாறை எப்போது முனகும், எந்த முனகலுக்கு ஓட வேண்டும், எந்த முனகலுக்கு நின்று கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு காதிலிருந்து மறு காதுக்குச் சென்ற அறிவு. பாறை வெடித்து வழி அடைபட்ட நாளில் மீட்க இறங்கியவர்களும் சுரங்கத் தொழிலாளர்களே.

குடியிலும் பிற போதைகளிலும் அகப்பட்டவர்களையும், வீடிழந்து தெருவில் படுத்திருப்பவர்களையும் மீட்கும் பணிக்கும் இந்த உண்மை பொருந்துமா? பொருந்தும் என்று இன்று பல நாடுகள் கண்டுகொண்டிருக்கின்றன. தாமே அந்தத் துன்பத்தில் கிடந்து, அதிலிருந்து எழுந்து வந்தவர்களை மீட்புப் பணியில் ஊழியர்களாக அமர்த்துகின்றன. ஆங்கிலத்தில் இவர்களைப் 'பியர் வொர்க்கர்' என்பார்கள். நாம் இவர்களைப் 'பட்டறிவுத் துணைவர்' என்று அழைப்போம். பட்டு அறிந்த அறிவைக்கொண்டு துணை நிற்பவர் என்பது பொருள்.

இவர்கள் யார், இவர்களால் என்ன பயன், இவர்களைத் தாங்குவது யார் பொறுப்பு என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம். மூன்றாவது கேள்வியே முதன்மையானது. ஏனெனில் பிறரைத் தாங்குவதற்கு இவர்களை அழைக்கிற நாம், இவர்களைத் தாங்க மறந்துவிடுகிறோம்.

தங்கம் போனபின்

கோலார் தங்கவயலின் கதை நம்மில் பலர்க்குத் தாத்தா சொல்லித் தெரிந்த கதை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். வடார்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் வந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்றது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டது.

மூடியது சுரங்கம் மட்டும் அன்று. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் திரும்பிய ஒரு வாழ்க்கை ஒழுங்கே மூடப்பட்டது. பலருடைய நுரையீரலில் ஏற்கெனவே கல்தூசி தங்கியிருந்தது. குடியிருந்த லைன் வீடோ கம்பெனியுடையது. அது நமக்கு நிலைக்குமா என்ற அச்சம் பின்னால் வந்தது. பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலைப் பிடித்து, பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகிறார்கள். திரும்பாதவர்களும் உண்டு. இரயில் நிலையத்திலோ, கட்டடம் எழும்பும் இடத்திலோ, கடை வாசலிலோ இரவைக் கழித்து, மெல்ல மெல்ல ஊர் மறந்து, உறவு மறந்து போனவர்கள் அவர்கள்.

வேலை வெளியேறிய வீட்டிற்குள் குடி எளிதில் நுழைகிறது. குடி நுழைந்த வீட்டிலிருந்து மனிதன் எளிதில் வெளியேறுகிறான். 2007இல் கருநாடக அரசு சாராய விற்பனையைத் தடை செய்தது. பாக்கெட் போயிற்று, புட்டி வந்தது. பழக்கம் அப்படியே நின்றது. இது தங்கவயலுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. 2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றது. மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர் என்றும் அது தெரிவித்தது. மீதி 37 பேர் எங்கே? அவர்கள் மருத்துவமனை வாசலுக்கே வரவில்லை. அங்கேதான் பட்டறிவுத் துணைவரின் வேலை தொடங்குகிறது.

பழைய வேர்கள்

இது புதிதாக முளைத்த எண்ணம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் பூசேன் என்றொருவர் இருந்தார். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கு வந்தவர், குணமானபின் அங்கேயே பணியாளராகி, மனநோயாளர் பகுதிக்கே கண்காணிப்பாளரானார். நோயிலிருந்து தேறியவர்களையே அவர் ஊழியர்களாகத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் நோயாளிகளை அடிக்கமாட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. 1797இல் அங்கே சங்கிலிகளை அகற்றியவரும் அவரே. அங்கு மருத்துவராயிருந்த பினேல் பெரும்புகழ் பெற்றார்; அவருக்கு வழிகாட்டிய இந்தப் பழைய நோயாளியைச் சிலரே அறிவர்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் பெரிதும் சீரழிந்தவர்கள். இன்னொரு குடிகாரரோடு மனம்விட்டுப் பேசினால் தன் குடிவேட்கை அடங்குகிறது என்பதை வில்சன் கண்டிருந்தார். அந்த உரையாடலிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம். 1957இல் அது இந்தியாவுக்கு வந்தது. குடிப்பவரின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணையாகும் 'அல்-அனான்' 1951இல் தோன்றிற்று. குடிப்பவரைவிடக் குடிப்பவரின் மனைவி மிகுதியாகத் துன்புறும் நம் லைன்களில் இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

நம் மரபிலும் இதன் விதை உண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் கடைசிக் குறள், குடிப்பவன் தெளிவாயிருக்கும் வேளையில் மற்றொரு குடியனைக் காண்பதைப் பற்றியது. ஒருவனுக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடி அவனைப் போன்ற இன்னொருவனே என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் வேரூன்றியபோது, சுரங்கத் தொழிலாளர்கள் பஞ்சசீலத்தை ஏற்றனர். மயக்கும் பொருளை விலக்குதல் அதில் ஐந்தாவது. மேலிருந்து ஒரு துரை வந்து இட்ட கட்டளையாக அன்றி, தொழிலாளியோடு தொழிலாளி கூடியமர்ந்து ஏற்ற உறுதியாக அது இருந்தது.

இந்நாளில் சென்னையில், 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்ச் சிகிச்சையில் முன்னோடியாயிற்று. வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்கென 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் நிறுவிய 'பானியன்', அங்கே தங்கித் தேறிய பெண்களுக்கே பணிகளையும் தந்தது. ஊசிவழிப் போதை ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் அரசுத் திட்டங்கள், அந்தப் பழக்கத்தை அறிந்தவர்களையே சகக் கல்வியாளர்களாக அமர்த்துகின்றன. ஆகவே வழி புதிதன்று; வழியைச் செவ்வனே அமைப்பதே புதிது.

என்ன பயன்?

மருத்துவர் நோயை அறிவார். பட்டறிவுத் துணைவர் வெட்கத்தை அறிவார். தெருவில் கிடப்பவரை மருத்துவமனைக்குச் செல்லவொட்டாமல் தடுப்பது பெரும்பாலும் வெட்கமே. அழுக்கு வேட்டியுடன் வரிசையில் நின்றால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். முன்னே ஒருமுறை விரட்டப்பட்ட நினைவு. அவரருகே சென்று அமர்ந்து, "நானும் இதே மேடையில் படுத்தவன்தான், அண்ணா. வாங்க, ஒரு டீ குடிக்கலாம்" என்று சொல்ல வல்லவர் ஒருவரே. அந்த ஒரு சொல்லைப் படிப்பால் பெற முடியாது.

பல நாட்டு ஆய்வுகள் கூறுவதும் இதையொட்டியதே. துணைவர்கள் உள்ள இடங்களில் மக்கள் சிகிச்சையோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்கிறார்கள், நம்பிக்கை கூடுகிறது. நோயின் எல்லா அளவுகளையும் இவர்கள் குறைத்துவிடுவார்கள் என்று சொல்ல இயலாது. அவ்வாறு மிகைப்படுத்திச் சொல்வது இவர்களுக்கே தீங்கு.

எல்லையும் தெரிய வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தோன்றிப் புத்தி தடுமாறலாம். இது உயிரையே பறிக்கக்கூடும். இங்கே வேண்டியது மருந்தும் மருத்துவரும். நல்ல துணைவர், "மன உறுதி போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டில் பூட்டிவைக்க மாட்டார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார், உடனிருப்பார். மருத்துவருக்கு மாற்றாக அவர் வருவதில்லை; மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பவராக வருகிறார்.

ஒரு மாமாவின் கதை

எங்கள் லைனில் ஒருவர் இருக்கிறார். நான் அவரை மாமா என்றே அழைப்பேன். சுரங்கம் மூடியபின் குடியில் விழுந்தார். குடும்பம் பிரிந்தது. பெங்களூரில் சில ஆண்டுகள் தெருவே வீடாக இருந்தார். பின்பு சிகிச்சை பெற்றுக் குடியை விட்டார். ஒரு மறுவாழ்வு இல்லத்தார் அவரை அங்கேயே வைத்துக்கொண்டனர். புதிதாக வருகிறவர்களோடு இரவெல்லாம் விழித்திருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடுக்கம் தணிந்தவர்கள் பலர். தங்குவதற்கு அங்கேயே ஓர் அறை, உணவு, மாதக் கடைசியில் சிறு தொகை. அதற்குப் பெயர் சம்பளம் அன்று, 'கைச்செலவு'.

யார் வந்தாலும் அவர் தம் கதையைச் சொல்ல வேண்டும். நன்கொடையாளர் வந்தால் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர் வந்தால் சொல்ல வேண்டும். மனைவி பிரிந்த நாளை, மகன் முகம் திருப்பிய நாளை, வாரம் இருமுறை மேடையேற்ற வேண்டும். வாயில் காப்பதும் அவரே. முரண்டு பிடிப்பவரை அடக்குவதும் அவரே. ஆனால் மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. "அவர் பழைய பேஷண்ட்தானே" என்பார்கள்.

அவர் அழைத்துவந்த ஓர் இளைஞன், வெளியேறிச் சில வாரங்களில் இறந்துபோனான். இறுதிச்சடங்குக்குப் போய்வந்த மாமாவிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவும் அவருக்கே இரவுப்பணி. அடுத்த வாரம் ஒருநாள் அவர் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் தாமே சென்று, மறைக்காமல் சொன்னார். அன்றே விலக்கப்பட்டார்.

இங்கே நின்று சிந்தியுங்கள். விலக்கப்பட்டபோது அவர் இழந்தது ஒரு வேலையை மட்டுமா? அறையும் போயிற்று, ஆகவே கூரை இல்லை. சிகிச்சையும் அங்கேயே, ஆகவே மருத்துவரும் இல்லை. நண்பர்களும் அங்கேயே, ஆகவே துணையும் இல்லை. ஒரே முடிச்சில் கட்டப்பட்ட நான்கும் ஒரே நாளில் அவிழ்ந்தன. நமக்கு வேலை போனால் வேலைதான் போகும். அவருக்கு மீண்டும் தெருவே மிஞ்சிற்று. பழைய தோழர்கள் சிலர் தேடிப்பிடித்து மருத்துவமனையில் சேர்த்தனர். இன்று அவர் குடிப்பதில்லை. ஆனால் அந்தப் பணிக்குத் திரும்பவும் இல்லை. நூறு பேர் கையைப் பிடிக்கத் தெரிந்த கை இன்று பெங்களூரில் சிமெண்டு மூட்டை தூக்குகிறது.

அந்த இல்லத்தார் கொடியவர்கள் அல்லர். நோயாளிகளைக் காக்க வேண்டும் என்றே அவ்வாறு செய்தனர். ஆனால் ஒரு துணைவரை எப்படித் தாங்குவது என்று முன்கூட்டியே எண்ணி வைக்கவில்லை. குறை அங்கேதான்.

தாங்கும் முறை

எண்ணி வைக்க வேண்டியவை எவை? முதலாவது, வேலையின் தெளிவு. துணைவர் செய்ய வேண்டியது இன்னது, செய்ய வேண்டாதது இன்னது என்று எழுத்தில் இருக்க வேண்டும். காவலும் சமையலும் எடுபிடியும் சேர்ந்தால் அது துணைப்பணி ஆகாது.

இரண்டாவது, ஊதியம். 'சேவை' என்ற சொல்லைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது பழைய தந்திரம். சமூகப் பணியாளருக்கு மாதச் சம்பளம் என்றால் துணைவருக்கும் மாதச் சம்பளமே முறை. தெருவில் வாழ்ந்தவரிடம் ஆதாரும் வங்கிக்கணக்கும் இல்லாதிருக்கலாம். அவற்றைப் பெற உதவுவதும் அமர்த்துகிறவர் கடமை.

மூன்றாவது, மேற்பார்வை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அனுபவமுள்ள ஒருவர் அவரோடு அமர்ந்து, பணியின் சுமையைக் கேட்க வேண்டும். அவர் துணைவரின் மருத்துவராக இருத்தல் ஆகாது. வேலையைப் பார்ப்பவர் வேறு, நோயைப் பார்ப்பவர் வேறு. இரண்டும் ஒருவரானால் உடல்நலம் குன்றியதைச் சொல்ல நா எழாது. சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் வரும்.

நான்காவது, தனிமை தவிர்த்தல். ஓரிடத்தில் ஒரே ஒரு துணைவரை வைப்பது அவரைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடும். குறைந்தது இருவர் வேண்டும். கூட்டத்தில் நாற்காலியும் சொல்லுக்கு மதிப்பும் வேண்டும்.

ஐந்தாவது, கதை அவருடையது. எதைச் சொல்வது, எவரிடம் சொல்வது, எப்போது நிறுத்துவது என்பது அவர் உரிமை. அவருடைய கதை அவர் பணிக்குக் கருவி. நிறுவனத்தின் விளம்பரம் அன்று.

ஆறாவது, எல்லை. நகரத்தில் பணிநேரம் முடிந்தால் முகம் மறைந்துவிடும். நம் லைன்களில் அப்படியில்லை. துணை பெறுகிறவர் அடுத்த வீட்டுக்காரர், ஒருவேளை மைத்துனர். நள்ளிரவில் கதவைத் தட்டுவார், கடன் கேட்பார். பழைய குடிக்கூட்டாளியும் அதே தெருவில். ஆகவே எந்நேரம் வரை, எதற்கு ஆம், எதற்கு இல்லை, இல்லை என்றபின் யாரிடம் அனுப்புவது என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும். "இல்லை" என்று சொல்லும் கடுமையை நிறுவனம் ஏற்றால், துணைவர் ஊரில் பகை தேட வேண்டியதில்லை.

ஏழாவது, சறுக்கல். போதைநோய் மீண்டும் தலைதூக்கக்கூடிய நோய். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் வேலையை விட்டு நீக்குவதில்லை. குடித்த நிலையில் நோயாளிகளிடம் போகக்கூடாது என்பது சரி. அதில் தளர்வு கூடாது. ஆனால் நலமாயிருக்கும் நாளிலேயே ஒரு திட்டம் எழுதி வைக்கலாம். என் சறுக்கலின் முன்னடையாளங்கள் இவை. கண்டால் இவரை அழையுங்கள். இத்தனை நாள் விடுப்பு. இவ்வாறு திரும்புவேன் என்று. தாமே வந்து உண்மை சொல்கிறவரைத் தண்டித்தால், அடுத்தவர் மறைக்கவே கற்றுக்கொள்வார்.

எட்டாவது, கூரையும் சிகிச்சையும் வேலையோடு கட்டப்படலாகாது. வேலை போயினும் வீடு நிற்க வேண்டும். வீடு மாறினும் மருத்துவர் மாறக்கூடாது. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' என்னும் முறை இந்த அறிவையே அடித்தளமாகக் கொண்டது. குடியை விட்டால் வீடு தருவோம் என்று பேரம் பேசாமல், வீட்டை முதலில் தந்து, பின் மற்றதைக் கவனித்தது. வீடற்றவருக்கு நல்லதாகிய இந்த முறை, வீடற்றிருந்த ஊழியருக்கும் நல்லதே.

ஒன்பதாவது, துயரம். இந்தப் பணியில் சாவு அடிக்கடி வரும். இறந்தவர் துணைவருக்கு வெறும் பதிவேட்டு எண் அன்று. தம்முடைய இன்னொரு உருவம். அன்று அவருக்கு விடுப்பும், கேட்பதற்கு ஒரு காதும் வேண்டும்.

பத்தாவது, வளர்ச்சி. பயிற்சியும் சான்றும் பதவி உயர்வும் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் 'முன்னாள் குடிகாரர்' என்ற பதவியிலேயே ஒருவரை வைத்திருப்பது மீட்பு ஆகாது.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, "இதெல்லாம் அரசும் மருத்துவமனையும் செய்ய வேண்டியவை, மாணவர்க்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் சில உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதையால் வரும் மனநோய்களையும் உள்ளடக்கியது. வீடற்றோரும் ஆதரவற்றோரும் அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரியவர் என்கிறது. வறுமைக்கோட்டு அட்டை இல்லை என்று ஏழையைத் திருப்பி அனுப்பவும் அதில் இடமில்லை. இதை அறியாத குடும்பங்கள் நம் ஊரில் பல. படித்த பிள்ளை ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தால் போதும். 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதையும் நாலு பேருக்குச் சொல்லலாம்.

சமூகப்பணி பயிலும் தோழர்கள் களப்பயிற்சிக்குச் செல்கையில், அங்குள்ள துணைவரிடம் கதை கேட்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு இங்கே மேற்பார்வை உண்டா? சம்பளம் உண்டா?" அந்தக் கேள்வியே அவருக்கு ஒரு மரியாதை. நம் மன்றக் கூட்டத்திற்கு அவரை அழைத்தால், பேராசிரியருக்குத் தரும் மாலையையும் மதிப்பூதியத்தையும் அவருக்கும் தருவோம். அவர் விழுந்த கதையை விட்டுவிட்டு, அவர் கற்ற தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லுவோம்.

சுரங்கத்தில் கூண்டு இறங்கியபோது, மேலே ஒருவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே இறங்கியவன் எவ்வளவு வல்லவனாயினும், மேலே நிற்பவர் கவனம் சிதறினால் அவன் கதி என்ன? பட்டறிவுத் துணைவர், தாம் ஒருமுறை தப்பிவந்த இருளுக்குள் பிறருக்காக மீண்டும் இறங்குகிறார். அவர் துணிவைப் புகழ்வது எளிது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதே நம் கடமை.